நன்கொடையிலிருந்து நிதிநிலை அறிக்கைக்கு: தமிழகத்தில் பிள்ளைகளின் பசியும் பொதுக்கொடையும் (1867–2022)

ஆய்வுச்சுருக்கம்

தமிழகத்தின் மதிய உணவுத் திட்டம் பெரும்பாலும் ஆட்சியாளர்களின் சாதனை வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அத்திட்டத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் பொதுமக்களின் நன்கொடை வகித்த இடமும், அந்நன்கொடை தானே நின்றபோது வெளிப்பட்ட குறைகளும் போதிய கவனம் பெறவில்லை. வடலூர்த் தருமசாலை, 1876–78 பஞ்ச நிவாரண நிதி, சென்னை மாநகராட்சிச் சிற்றுண்டி, சேரன்மாதேவிக் குருகுலம், 1956ஆம் ஆண்டின் ஊர்க்கொடை உணவு, 1982ஆம் ஆண்டின் சத்துணவு, உச்ச நீதிமன்றத்தின் 2001ஆம் ஆண்டு ஆணை ஆகியவற்றை ஒரே தொடராக வைத்து, பசித்த குழந்தைக்குச் சோறிடுவது யாருடைய பொறுப்பு என்னும் எல்லைக்கோடு எவ்வாறு நகர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. நன்கொடை அரசின் பொறுப்புக்கு மாற்றாக நின்ற இடங்களில் தளர்ந்தது. அப்பொறுப்பை அரசு ஏற்பதற்கு வழி திறந்த இடங்களில் நிலைத்த பயன் தந்தது என்பது இதன் முடிபு.

குறிச்சொற்கள்: நன்கொடை, குழந்தைப் பசி, மதிய உணவு, சத்துணவு, தருமசாலை, வைட்டமின் ஏ, உணவு உரிமை.

முன்னுரை

பசித்தவருக்குச் சோறிடுதலைத் தலையாய அறமாகப் போற்றுவது தமிழ் மரபு. மணிமேகலையின் அமுதசுரபி முதல் கோயில் அன்னதானக் கட்டளைகள் வரை இதற்குச் சான்றுகள் பல. எனினும் அம்மரபில் உணவு என்பது கொடுப்பவரின் அறமாகவே பேசப்பட்டது. பெறுபவரின் உரிமையாகப் பேசப்படவில்லை. கொடுத்தவருக்குப் புண்ணியம் சேர்ந்தது. கொடுக்கப்படாதவர் யாரிடமும் முறையிட வழியில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இந்நிலை மாறியது. இன்று தமிழகத்தில் அரசுப் பள்ளியில் படிக்கும் குழந்தைக்கு நண்பகலில் உணவு வழங்கப்படவில்லையெனில், அது தருமத்தில் நேர்ந்த குறையன்று, நிர்வாகத்தின் தவறு. இம்மாற்றம் ஒரே அரசாணையால் நிகழ்ந்ததன்று. அறத்துக்கும் உரிமைக்கும் இடைப்பட்ட நெடுந்தொலைவில் நன்கொடை பலவகைப் பணிகளைச் செய்துள்ளது. சில இடங்களில் வழி திறந்தது; சில இடங்களில் தடைப்பட்டு நின்றது. இவ்வேறுபாட்டின் காரணங்களை அறிவது, குழந்தை வறுமையும் தடுக்கத்தக்க நோயும் இன்னும் நீங்காத சூழலில், வரலாற்று ஆர்வத்துக்கு மட்டும் உரியதன்று. கொடுக்க விரும்புவோர் எங்கே, எவ்வாறு கொடுத்தால் பயன் நிலைக்கும் என்ற கேள்விக்கும் அதில் விடை உண்டு.

சத்திரமும் தருமசாலையும்

தஞ்சை மராட்டியர் காலத்துச் சத்திரங்கள் வழிப்போக்கர்க்கு உணவளித்ததோடு, சில இடங்களில் கல்வி நிலையங்களாகவும் விளங்கின. இரண்டாம் சரபோசி (1798–1832) காலத்தில் ஒரத்தநாட்டில் எழுந்த முக்தாம்பாள் சத்திரம் இதற்கு எடுத்துக்காட்டு. உணவும் கல்வியும் ஒரே கூரையின்கீழ் அமைந்த முறை அங்கே காணப்படுகிறது. ஆயினும் இச்சத்திரங்கள் அரசகுடும்பத்தின் நிலக்கொடையைச் சார்ந்தவை. நெடுஞ்சாலைகளையும் தலயாத்திரை வழிகளையும் ஒட்டி அமைந்தவை. சிற்றூர்க் குழந்தையின் அன்றாடப் பசி அவற்றின் நோக்கெல்லைக்குள் வரவில்லை.

இராமலிங்க அடிகள் (1823–1874) 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் வடலூரில் நிறுவிய சத்திய தருமசாலை இவ்வகையில் ஒரு திருப்புமுனை. அரசகுலக் கொடையின்றி, பார்வதிபுரம் மக்கள் அளித்த ஏறத்தாழ 80 காணி நிலத்தில் அது அமைந்தது. சாதி, சமய வேறுபாடின்றிப் பசித்தோர் யாவர்க்கும் உணவு என்பது அதன் விதி. அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாது பேணப்படுகிறது. பசியைப் பிற துன்பங்களுள் ஒன்றாக எண்ணாமல், அறிவையும் ஒழுக்கத்தையும் சிதைக்கும் முதற்பிணியாக அடிகள் தம் சீவகாருணிய ஒழுக்கத்தில் விளக்கினார். பசியும் பிணியும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்னும் கருத்து பிற்கால ஊட்டச்சத்து அறிவியலுக்கும் உடன்பாடானதே.

தருமசாலை இரண்டு உண்மைகளை நிறுவியது. சிறுகொடைகள் ஒருங்கிணைந்தால் நிலையான நிறுவனத்தைத் தாங்கும் என்பது ஒன்று. பந்தி பிரிக்காமல் உணவளிக்க இயலும் என்பது மற்றொன்று. ஆனால் பசித்தவர் தருமசாலையை நாடி வர வேண்டியிருந்தது. வடலூருக்கு வர இயலாத குழந்தைக்கு அவ்வடுப்பு எட்டாத தொலைவில் எரிந்தது.

1876–78 பஞ்சம்: கடமையும் கொடையும் பிரிந்த இடம்

தாது வருடப் பஞ்சம் என மக்கள் நினைவில் நிற்கும் 1876–78 பஞ்சம், சென்னை மாகாணத்தில் மட்டும் முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களுள் பெரும்பகுதியினர் வெறும் பட்டினியால் மாண்டவர் அல்லர். உணவின்றி நலிந்த உடல்களைக் காலராவும் அம்மையும் வயிற்றுப்போக்கும் எளிதில் வீழ்த்தின. நிவாரண முகாம்களில் மக்கள் நெருங்கி வாழ்ந்தமையால் நோய் விரைந்து பரவியது.

அக்காலத்தில் எழுந்த இரு விவாதங்கள் இங்குக் கருதத்தக்கவை. முதலாவது அளவு பற்றியது. வைசிராயின் பிரதிநிதியாக வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்வோருக்கு நாளொன்றுக்கு ஒரு இராத்தல் தானியத்துக்கு ஈடான கூலி போதும் என்றார். மாகாணச் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் அவ்வளவு உயிரைத் தாங்காது என மருத்துவ நோக்கில் மறுத்தார். மனித உடலுக்குத் தேவையான குறைந்தபட்ச உணவு எவ்வளவு என்பது இந்திய ஆட்சி வரலாற்றில் வெளிப்படையான அரசியல் வினாவாக எழுந்த தருணம் அது.

இரண்டாவது விவாதம் நன்கொடை பற்றியது. ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் வேண்டுகோளையொட்டி 1877 ஆகஸ்டில் இலண்டன் மாநகரத் தலைவர் திறந்த மேன்ஷன் ஹவுஸ் நிதியில் பல இலட்சம் பவுன் திரண்டது. ஏழைத் தொழிலாளர்களும் அதற்குக் கொடுத்தனர். சென்னையில் நிவாரணக் குழுவின் மதிப்புறு செயலராகப் பணியாற்றிய வில்லியம் டிக்பி, பின்னர் அப்பஞ்சத்தின் விரிவான வரலாற்றை எழுதினார். வைசிராய் லிட்டனின் அரசோ இவ்வேண்டுகோளை முதலில் விரும்பவில்லை. உயிரைக் காப்பது அரசின் பணி; கொடை அதற்குள் நுழைந்தால் பொறுப்பும் செலவும் குழம்பும் என்பது அதன் வாதம். முடிவில் இருவகைப் பணிகளுக்கும் இடையே எல்லை வகுக்கப்பட்டது. ஆடை, அநாதைக் குழந்தைகளின் பராமரிப்பு, வெளியில் வந்து கேட்க இயலாத குடும்பங்களுக்கு உதவி, உழவர்க்கு விதையும் மாடும் கூரையும் வாங்கப் பணம் ஆகியவை கொடையின் பகுதிக்கு ஒதுக்கப்பட்டன.

கோட்பாட்டளவில் இப்பாகுபாடு ஏற்கத்தக்கதே. நடைமுறையில் அரசு தன் பகுதியைக் குறைத்துக்கொண்டே எல்லையைப் பற்றிப் பேசியதுதான் கொடுமை. அரசு உறுதியளித்த அளவு உயிரைத் தாங்காதபோது, அதற்கு மேற்பட்டதைக் கொடுக்க மட்டும் கொடைக்கு இடமளிப்பது பொருளற்றதாகிறது. மேலும், நிதி திரளத் தொடங்கியபோது பஞ்சம் ஏறத்தாழ ஓராண்டைக் கடந்திருந்தது. இரக்கம் துயரக்காட்சியைப் பின்தொடர்ந்தே வருவதால், குழந்தை மெலிவதற்கு முன் கொடை வந்து சேர்வதில்லை. இக்குறை பிற்காலத்திலும் தொடர்ந்தது.

ஆயிரம் விளக்குப் பள்ளியின் ஓர் அணாச் சிற்றுண்டி

பசியைப் பஞ்சகாலத்துக்கு உரியதாகக் கருதாமல், சாதாரண நாள்களின் சிக்கலாக அணுகிய முதல் பொதுமன்றச் செயல் 1920ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சியில் நிகழ்ந்தது. நீதிக்கட்சித் தலைவர்களுள் ஒருவரான பி. தியாகராயச் செட்டியார் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளி மாணவர்க்குச் சிற்றுண்டி வழங்க அவ்வாண்டு செப்டம்பரில் தீர்மானிக்கப்பட்டது. மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவிடலாம் என வரம்பு வகுக்கப்பட்டது. அப்பள்ளியில் பயின்ற பிள்ளைகள் மிக வறியவர்கள். பள்ளியின் வருகைக் குறைவே தீர்மானத்தின் உடனடிக் காரணம். சிற்றுண்டி வழங்கப்பட்டபின் சேர்க்கை கூடியது. திட்டம் வேறு சில பள்ளிகளுக்கும் விரிந்தது.

இத்திட்டம் கொடையைச் சாராமல் வரிப்பணத்தைச் சார்ந்தது என்பதே இதன் தனிச்சிறப்பு. அதன் வீழ்ச்சியும் அதே காரணத்தால் நேர்ந்தது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடுவதை அரசு ஏற்க மறுத்தமையால் 1925இல் திட்டம் தடைப்பட்டது. பின்னர் மீட்கப்பட்டபோது வறிய மாணவர்க்கு மட்டும் என்ற வரையறையோடு சுருங்கியது. கற்பித்தல் கல்விச் செலவு, சோறு கல்விச் செலவு ஆகாது என்னும் கணக்கியல் பார்வையே இங்குத் தடையாயிற்று. பசித்த பிள்ளையின் காதில் பாடம் ஏறாது என்பது ஆசிரியர் அனைவரும் அறிந்தது. ஆனால் கணக்குத் தலைப்புகளில் அதற்கு இடமில்லை.

சேரன்மாதேவி: கொடையாளர் எழுப்பிய வினா

மாநகராட்சிச் சிற்றுண்டி தடைப்பட்ட அதே காலப்பகுதியில், திருநெல்வேலிச் சீமையில் நன்கொடையால் இயங்கிய ஒரு பள்ளியின் பந்தி தமிழக அரசியலையே உலுக்கியது. வ. வே. சு. ஐயர் நிறுவிய குருகுலம் தேசியக் கல்வி நிலையமாகக் கருதப்பட்டது. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி அதற்கு 10,000 ரூபாய் வழங்க ஒப்புக்கொண்டு முதற்கட்டமாக 5,000 ரூபாய் கொடுத்தது. செட்டிநாட்டுச் செல்வர்களும் கடல் கடந்த தமிழர்களும் பொருளுதவி செய்தனர். அங்கே பிராமண மாணவர் இருவருக்குத் தனியிடத்தில் உணவு பரிமாறப்பட்டது வெளிப்பட்டதும் பெரும் கிளர்ச்சி எழுந்தது. அம்மாணவரின் பெற்றோருக்கு அளித்த வாக்கை மீற இயலாது, இனிச் சேர்வோர்க்கு அவ்விலக்கு இல்லை என்பது ஐயரின் நிலைப்பாடு. பி. வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. இராமசாமியும் அதனை ஏற்கவில்லை. 1925 ஜூனில் ஐயர் பாபநாச அருவியில் உயிரிழந்தபின்னும் அவ்விவாதத்தின் தாக்கம் அடங்கவில்லை.

இந்நிகழ்வு பிராமணர் – பிராமணரல்லாதார் அரசியலின் பகுதியாகவே பெரிதும் ஆராயப்பட்டுள்ளது. நன்கொடை வரலாற்றிலும் இதற்கு இடமுண்டு. பொதுப்பணம் பெற்ற நிறுவனத்தின் பந்தியில் பிரிவினை இருக்கலாகாது என்ற வினாவைக் கொடையாளர் தரப்பே இங்கு எழுப்பியது. கொடுத்தபின் கொடுத்தவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. அக்கணக்கு காசைப் பற்றியது மட்டுமன்று, பெறுபவரின் மதிப்பைப் பற்றியதும் ஆகும் என்னும் கோட்பாடு அங்கே உருப்பெற்றது. பிற்காலத்து மதிய உணவில் பிள்ளைகள் அனைவரும் ஒரே வரிசையில் அமர்வது இயல்பான ஏற்பாடாகத் தோன்றினாலும், அதன் பின்னணியில் இப்போராட்டத்தின் வரலாறு நிற்கிறது.

ஊர்க்கொடையும் அரசின் ஆறு காசும்

கு. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் (1954–1963) இத்தொடர் புதிய கட்டத்தை அடைந்தது. பள்ளிகள் பெருகிய அளவுக்கு ஏழைப் பிள்ளைகளின் வருகை பெருகவில்லை. வீட்டில் உணவில்லாத பிள்ளை ஆடு மாடு மேய்த்தோ கூலிவேலை செய்தோ ஒருவேளைச் சோற்றைத் தேடியது. இதனைப் போக்க மதிய உணவு இன்றியமையாதது எனக் காமராசர் கருதினார். பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அத்திட்டத்துக்கு நிர்வாக வடிவம் தந்தார். அவர்தம் தன்வரலாறான நினைவு அலைகள் அக்காலத்துக்குரிய முதன்மைச் சான்றுகளுள் ஒன்று.

நிதி ஆதாரமின்மை திட்டத்தின் முதல் தடை. எனவே 1956இல் எட்டயபுரத்தை ஒட்டிய கரிசல் வட்டாரத்தில் முழுக்க ஊர்மக்களின் கொடையைக் கொண்டே அது தொடங்கப்பட்டது. ஊருக்கு ஊர் குழுக்கள் அமைந்தன. வசதியுள்ளோர் பணமாகவும் தானியமாகவும் கொடுத்தனர். வானம் பார்த்த பூமியான அவ்வட்டாரத்தில் இது நடைபெற முடிந்தால் வேறெங்கும் நடைபெறும் என்ற நம்பிக்கை பிறந்தது. அடுத்த ஆண்டிலேயே அரசு செலவில் பங்கேற்றது. உணவு ஒன்றுக்குப் பத்துக் காசு எனக் கணக்கிட்டு, ஆறு காசு அரசும் நான்கு காசு ஊராரும் ஏற்பது என முறை வகுக்கப்பட்டது.

இவ்விகிதம் ஊன்றி நோக்கத்தக்கது. 1877இல் கொடையையும் கடமையையும் பிரித்து நிறுத்திய அரசுபோலன்றி, இங்கு அரசு கொடைக்கு இணைத்தொகை அளித்தது. ஊர் நான்கு காசு திரட்டினால் அரசின் ஆறு காசு வந்தது. கொடுக்கப்பட்ட ஒவ்வொரு காசும் இன்னும் ஒன்றரைக் காசை ஈர்த்தது. 1958 முதல் நடைபெற்ற பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் இம்முறையை உணவுக்கு அப்பாலும் கொண்டுசென்றன. கரும்பலகை, மேசை, கடிகாரம், சீருடை, கட்டடம் எனப் பள்ளிக்கு வேண்டியவற்றை ஊரார் பட்டியலிட்டு, பொதுமேடையில் கொடையாக வழங்கினர். கொடுத்த ஊர் தன் பள்ளியைக் கவனிக்கவும் தொடங்கியது.

ஆயினும் முறையின் உள்ளேயே ஒரு முரண் இருந்தது. ஊர்க்கொடை விளைச்சலைச் சார்ந்தது. மழை பொய்த்த ஆண்டில் கொடுப்பவரின் களஞ்சியமும் வற்றும். கொடையை எதிர்நோக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் கூடும். அதாவது, தேவை உயரும்போதே கொடை தாழும். செல்வர் வாழும் ஊர் தன் நான்கு காசை எளிதில் திரட்டும். நிலமற்றோர் மிகுந்த ஊருக்கு அது அரிது. இணைத்தொகை முறையில் அவ்வூர் அரசின் ஆறு காசையும் இழக்கும். ஒரே ஊருக்குள் திரட்டப்படும் கொடை இவ்விடரைக் கடக்க இயலாது. மாநிலம் முழுவதிலுமிருந்து வரும் வரியே வறண்ட வட்டாரத்தின் இழப்பைச் செழித்த வட்டாரத்தின் வருவாயால் ஈடுசெய்ய வல்லது.

அயல்நாட்டு உதவியும் 1982ஆம் ஆண்டின் முடிவும்

1961 முதல் கேர் நிறுவனத்தின் வழியாக அமெரிக்க உணவுதவி தமிழகப் பள்ளிகளுக்கு வந்தது. 1954இல் அமெரிக்கா இயற்றிய பொதுச்சட்டம் 480 இதற்கு அடிப்படை. மக்காச்சோள மாவு, பால்பொடி, எண்ணெய் ஆகியவை திட்டத்தை விரிவாக்க உதவின. எனினும் எது கிடைக்கும் என்பதைக் கொடுத்த நாட்டின் உபரி விளைச்சல் தீர்மானித்தது. உள்ளூர் உணவுப் பழக்கம் தீர்மானிக்கவில்லை. தொலைவிலிருந்து வரும் கொடை தொலைவிலேயே நிறுத்தப்படவும் கூடும். ஊர்க்கொடை உள்ளூர் மழையைச் சார்ந்திருந்ததெனில், இவ்வுதவி அயல்நாட்டுக் கொள்கையைச் சார்ந்திருந்தது.

1982 ஜூலை 1ஆம் நாள் முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரன் திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் தொடங்கிவைத்த சத்துணவுத் திட்டம் இவ்விரு சார்புகளையும் அறுத்தது. ஊர்ப்புறங்களில் 2 முதல் 5 வயது வரையிலான குழந்தைகளுக்கு மையங்களிலும், 5 முதல் 9 வயதினர்க்குத் தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த உணவு வழங்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் நகரங்களுக்கும், 1984இல் 15 வயது வரையிலான மாணவர்க்கும் விரிந்தது. அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பயன்பெற்றனர். ஒவ்வொரு மையத்திலும் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் எனப் பெண்கள் பணியமர்த்தப்பட்டனர். கைம்பெண்களுக்கும் ஆதரவற்றோர்க்கும் முன்னுரிமை அளிக்கப்பட்டது. வாக்குவேட்டைச் செலவு, வளர்ச்சிக்குரிய பணம் சோற்றில் கரைகிறது என்ற கண்டனங்கள் எழுந்தன. ஆயினும் அதன்பின் ஆட்சிக்கு வந்த எந்தக் கட்சியும் திட்டத்தைக் கைவிடவில்லை, மேலும் சேர்த்தது. 1989இல் மு. கருணாநிதி ஆட்சியில் இரு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கியது, 2010இல் வாரத்தில் ஐந்து நாளும் முட்டை என வளர்ந்தது. நன்கொடைக் குழு கலைந்தால் கேட்பார் இல்லை. நிதிநிலை அறிக்கையின் தலைப்பு ஒன்றை நீக்கினால் சட்டமன்றம் கேட்கும். இவ்வேறுபாடே திட்டத்தின் நிலைபேற்றுக்குக் காரணமாயிற்று.

பள்ளிக்கு முந்தைய வயதும் தடுக்கத்தக்க நோயும்

பள்ளி உணவு எவ்வளவு விரிந்தாலும் ஒரு வயதுப் பிரிவு அதற்கு வெளியே நின்றது. ஊட்டக்குறையின் கடும் பாதிப்பு கருவிலும் முதல் இரண்டு ஆண்டுகளிலும் நிகழ்கிறது. குழந்தை பள்ளியில் அடியெடுத்து வைக்கும்போது அவ்விழப்பின் பெரும்பகுதி மீட்க இயலாததாகியிருக்கும். உலக வங்கிக் கடனுதவியுடன் 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மையப்படுத்தியது. திங்கள்தோறும் எடை பார்த்து, எடை கூடாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் கூடுதல் உணவளிப்பது அதன் முறை. மெலிந்தபின் உதவுவதை விட்டு, மெலியத் தொடங்கும்போதே கண்டறியும் நோக்கு அதில் இருந்தது. 1877இல் கொடை காலந்தாழ்ந்து வந்த குறைக்கு இது நிர்வாக வடிவிலான மாற்று.

இவ்வயதினரின் நோய் வரலாற்றில் மருத்துவக் கொடைக்கும் இடமுண்டு. வைட்டமின் ஏ குறைவு குழந்தைகளின் கருவிழியை மென்மையாக்கிக் குருடாக்கும். 1970இல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு இலட்சம் அலகு வைட்டமின் ஏ வழங்கும் தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது. மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி அக்குழந்தைகளுக்கான ஊட்ட மறுவாழ்வுப் பணியில் ஈடுபட்டார். 1976இல் அவர் நிறுவிய அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த ஆய்வாளர்கள் திருச்சி மாவட்டத்தில் 15,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடையே செய்த ஆய்வு 1990இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளிவந்தது. வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 விழுக்காடு குறைந்ததாக அது காட்டியது. கண்ணைக் காக்கக் கொடுத்த மருந்து உயிரையும் காத்தது. சில சொட்டு எண்ணெய் மருந்தால் தடுக்கத்தக்க மரணங்கள் அவ்வளவு இருந்தன என்பதே இம்முடிவின் மறுபக்கம்.

இளம்பிள்ளை வாத ஒழிப்பும் இவ்வகைப்பட்டதே. 1985இல் ரோட்டரி இயக்கம் தொடங்கிய போலியோ பிளஸ் நிதி, தனி மருத்துவமனைகளை எழுப்புவதில் இறங்காமல், அரசின் தடுப்பூசி அமைப்பினூடாகவே செயற்பட்டது. 2011 ஜனவரிக்குப் பின் இந்தியாவில் இயற்கை வைரசால் இந்நோய் தோன்றவில்லை. 2014 மார்ச்சில் நாடு போலியோவற்றதாகச் சான்றளிக்கப்பட்டது. கொடை அரசின் வலைப்பின்னலுக்குப் போட்டியாக நில்லாமல் அதன் இடைவெளிகளை நிரப்பியதே இவ்வெற்றியின் காரணங்களுள் ஒன்று.

உரிமையான உணவும் எஞ்சிய பணியும்

1995இல் நடுவண் அரசு தொடங்கிய தொடக்கக் கல்வி ஊட்டத் திட்டத்தின்கீழ்ப் பெரும்பாலான மாநிலங்கள் சமைத்த உணவுக்கு மாறாக உலர்தானியமே வழங்கின. மக்கள் குடியுரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001 நவம்பர் 28ஆம் நாள் இடைக்கால ஆணை பிறப்பித்தது. அரசு மற்றும் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் குறைந்தது 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் புரதமும் கொண்ட சமைத்த உணவை ஆண்டுக்கு 200 நாளேனும் வழங்க வேண்டும் என்பது அதன் சாரம். கார்னிஷும் டெம்பிளும் முரண்பட்ட அளவு பற்றிய வினா, இப்போது குழந்தையின் பக்கம் நின்று நீதிமன்றத்தால் விடையிறுக்கப்பட்டது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இதனைச் சட்ட உரிமையாக்கியது. 2022 செப்டம்பர் 15ஆம் நாள் மதுரையில் 1,545 தொடக்கப் பள்ளிகளுக்கெனத் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், ஆயிரம் விளக்குப் பள்ளிச் சிற்றுண்டியின் நோக்கத்தை ஒரு நூற்றாண்டுக்குப் பின் மீட்டெடுத்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் அது 31,008 பள்ளிகளுக்கு விரிந்தது.

இவ்வளவுக்குப் பின்னும் பணி முற்றுப்பெறவில்லை. 2019–21ஆம் ஆண்டின் ஐந்தாம் தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் 25 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் அற்றவர்கள். 6 முதல் 59 மாதக் குழந்தைகளுள் 57.4 விழுக்காட்டினர்க்கு இரத்தசோகை உள்ளது. பந்தியின் சமத்துவமும் முழுமையடையவில்லை. பட்டியலினப் பெண் ஒருவர் பள்ளியில் சமைப்பதை எதிர்த்து 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் எழுந்த சிக்கல், சேரன்மாதேவியின் வினா இன்னும் முடியவில்லை எனக் காட்டியது.

எனவே கொடைக்கு இன்றும் இடமுண்டு. அதன் இடம் மாறியுள்ளது. அரசு ஏற்கெனவே வழங்கும் நண்பகல் உணவை விழாநாளில் ஒருவேளை விருந்தாக மாற்றும் கொடையால் குழந்தையின் ஊட்டநிலை மாறுவதில்லை. திட்டம் எட்டாத இடங்களே கொடையை வேண்டி நிற்கின்றன. புலம்பெயர்ந்து செங்கற்சூளையிலும் கட்டுமானத் தளத்திலும் வாழும் தொழிலாளரின் கைக்குழந்தைகள், கருவுற்ற இளம்பெண்களின் இரத்தசோகை, பள்ளியின் குடிநீரும் கழிப்பறையும், நெடுந்தொலைவு மருத்துவமனைக்குச் செல்லும் வழிச்செலவு ஆகியவை அவற்றுட் சில. தூய நீரும் கழிப்பறையும் இல்லாத இடத்தில் உண்ட உணவின் பயனைக் குடற்புழுவும் வயிற்றுப்போக்கும் கொண்டுபோகும் என்பதால், உணவுக்குக் கொடுப்பதும் தூய்மைக்குக் கொடுப்பதும் வேறுவேறல்ல. 2022 டிசம்பரில் தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி போன்ற ஏற்பாடுகள் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளின் வழித்தோன்றல்கள் எனலாம். செழித்த ஊர்ப் பள்ளி மேலும் செழிக்க, வறிய ஊர்ப் பள்ளி பின்தங்கும் பழைய குறை அவற்றில் நேராதவாறு கொடையைத் தேவைக்கேற்பப் பகிரும் முறை வேண்டும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன.

1. நன்கொடை விளைச்சல், இரக்கம், அயல்நாட்டுக் கொள்கை ஆகியவற்றோடு ஏறி இறங்கும் இயல்பினது. குழந்தையின் பசி அன்றாடமானது. ஆகவே அன்றாட உணவுக்குக் கொடையை மட்டும் நிலையான அடிப்படையாகக் கொள்ள இயலாது.

2. அரசு தயங்கிய இடத்தில் முன்சென்று, செய்ய இயலும் என்று காட்டிய கொடை பெரும்பயன் விளைத்தது. 1956இல் கரிசல் மக்கள் கொடுத்த தானியம் சில நூறு பிள்ளைகளின் பசியைத் தீர்த்ததோடு நிற்கவில்லை; அரசின் ஆறு காசையும், பின்னர் முழுச்செலவையும் வரவழைத்தது.

3. கொடையின் பெறுமானம் தொகையால் மட்டும் அளக்கப்படுவதன்று. பெறுபவர் எவ்வாறு நடத்தப்படுகிறார், எந்த வயதில் உதவி சேர்கிறது, நோய்த்தடுப்போடு அது இணைகிறதா என்பவற்றையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

4. 1877இல் வகுக்கப்பட்ட எல்லைக்கோட்டைக் கொடையாளரும் நிர்வாகிகளும் நீதிமன்றமும் படிப்படியாக நகர்த்தினர். குழந்தையின் உணவு அதனால் கடமையின் பக்கம் வந்து சேர்ந்தது. முதல் மூன்று ஆண்டுகளின் ஊட்டமும் இரத்தசோகைத் தடுப்பும் அக்கோட்டை இன்னும் முழுமையாகக் கடக்கவில்லை. இனி வரும் கொடை செல்ல வேண்டிய திசை அதுவே.